அம்மாவுக்குக் கடலைக் காட்ட வேண்டும்: ஓகஸ்டில் மலையகத்திலிருந்து எந்தக் கரைக்குப் போகலாம்?

தலவாக்கலை மகள்:
எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கு வயது 66. நாற்பது வருடங்களுக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர். நான் முன்பள்ளி ஆசிரியை. இலங்கைப் படத்தை வரைந்து, சுற்றிலும் நீல நிறம் தீட்டி, "இதுதான் கடல்" என்று ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் அம்மா அந்தக் கடலை இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. போன வாரம் தொலைக்காட்சியில் அலையைப் பார்த்துவிட்டு, "இது இரவிலும் இப்படியே வந்துகொண்டிருக்குமா?" என்று கேட்டார். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

ஓகஸ்ட் விடுமுறையில் போக நினைக்கிறோம். வேனில் ஒன்பது பேர்: அம்மா, நான், கணவர், தம்பி, தம்பி மனைவி, 5 முதல் 12 வயது வரை நான்கு பிள்ளைகள். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. இரண்டு இரவுக்கு மேல் தங்க வசதியில்லை. காலி, மிரிஸ்ஸ பக்கம்தான் அழகு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைமுகடு:
தங்கச்சி, வருத்தப்படாமல் கேளுங்கள். கடலுக்குப் போகுமுன் அம்மா நம்முடைய மலையைப் பார்த்துவிட்டாரா? உங்கள் ஊரிலேயே 97 மீற்றர் உயர டெவன் நீர்வீழ்ச்சியும் 80 மீற்றர் சென் கிளேயரும் இருக்கின்றன. வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து ஹோர்ட்டன் சமவெளியில் நடக்கிறார்கள். நம் சனத்தில் எத்தனை பேர் அங்குள்ள 'உலக முடிவு' என்ற மலைவிளிம்பில் நின்றிருக்கிறார்கள்? ஏறக்குறைய 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்தே தெற்குக் கடல் ஒரு கோடாகத் தெரியும். விடியற்காலையில் பட்டிப்பொல வழியாகப் போனால் மூடுபனி ஏறுவதற்கு முன் சுற்றி வந்துவிடலாம். செலவும் குறைவு.

தலவாக்கலை மகள்:
அண்ணா, அம்மா மலையைப் பார்த்தாரா என்று கேட்கிறீர்கள். அவர் நாற்பது வருடம் மலையில் ஏறி இறங்கினார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. சமவெளியில் 9 கிலோமீற்றர் நடக்க அவரால் முடியாது. சமதரையில் உட்கார்ந்து பார்க்கும் ஒன்றை அவருக்குக் காட்ட விரும்புகிறேன்.

பசறை வாத்தியார்:
மகள், முதலில் காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள். அழகை அதற்குப் பிறகு பார்க்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும் காலம். காலி, ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ எல்லாம் அந்தக் காற்றுக்கு முகங்கொடுத்து நிற்கும் கரைகள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அவை கண்ணாடிபோல இருக்கும், மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் போவதும் அந்தப் பருவத்தில்தான். ஓகஸ்டில் அங்கே கடல் கலங்கி அடிக்கும்.

அதே ஓகஸ்டில் கிழக்கு நேரெதிர். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று உங்கள் தலவாக்கலை, நோர்வூட், கினிகத்தேனைப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது காய்ந்த காற்றாகிவிடும். எங்கள் பசறையில் அப்போது வெயில். மட்டக்களப்பை அடையும்போது அதற்குக் கச்சான் என்று பெயர். உடம்பு எரியும், ஆனால் கடல் அடங்கியிருக்கும். நீங்கள் கம்பளிச் சட்டையோடு புறப்பட்டு, பதுளையில் அதைக் கழற்றி, செங்கலடியில் விசிறி தேடுவீர்கள்.

பாதையும் நேரானதுதான். நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மஹா ஓயா, செங்கலடி. பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி நம் மலையை ஊடறுத்துக் கிழக்குக் கரைக்கே போய்ச் சேருகிறது. மஹா ஓயாவில் வெந்நீரூற்று இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு அங்கே ஒரு அரைமணி நேரம் கொடுங்கள்.

நோர்வூட் தாதி:
சேர் சொன்னதை நான் அனுபவித்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஜூலையில் ஒரு பாடசாலைச் சுற்றுலாவோடு முதலுதவிக்காகத் தெற்குக் கரைக்குப் போனேன். பிள்ளைகள் எல்லோரும் தோட்டத்துப் பிள்ளைகள். ஆற்றில் குளித்துப் பழகியவர்கள், தண்ணீருக்குப் பயமில்லாதவர்கள். அங்கேதான் ஆபத்து. ஆறு ஒரு பக்கம் இழுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கடல் வந்த வழியே திரும்பவும் இழுக்கும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முழங்கால் ஆழத்தில் நின்ற பதினான்கு வயதுப் பையன் ஒரு நிமிடத்தில் கழுத்தளவுக்குப் போய்விட்டான். மீனவர் ஒருவர் பலகையோடு பாய்ந்து பிடித்ததால் பிழைத்தான். அவன் தாய்க்கு நான் தொலைபேசியில் பேசியபோது என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

தயவுசெய்து எல்லோரும் இதைப் படியுங்கள். அலை உடைகிற இரண்டு இடங்களுக்கு நடுவே தண்ணீர் அமைதியாக, கொஞ்சம் கறுத்துத் தெரியும் இடம் இருந்தால், அதுதான் பாதுகாப்பு என்று நினைத்து இறங்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, களைத்துப்போவீர்கள். மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள். நீந்தத் தெரிந்தவர் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் போய், இழுவை விட்ட பிறகு திரும்ப வேண்டும். சிவப்புக் கொடி இருந்தால் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். குடித்துவிட்டு இறங்கும் ஆண்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: உங்கள் உடலை அடையாளம் காட்ட வருகிறவள் உங்கள் மனைவி.

கல்குடா வாசி:
எங்கள் ஊருக்கு வாருங்கள் அக்கா. நீச்சல் தெரியாத ஒன்பது பேருக்கு மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவை விடப் பொருத்தமான கடல் இந்த நாட்டில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். வளைந்த குடா, வெளியே முருகைக்கற்பாறை (பவளப்பாறை). பெரிய அலை அங்கேயே உடைந்துவிடும். உள்ளே வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. ஐந்து வயதுப் பிள்ளை உட்கார்ந்தே விளையாடலாம்.

சில விடயங்களை மட்டும் கவனியுங்கள். கடற்கரையை ஒட்டிப் பெரிய விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே பொதுமக்களுக்கான கரை இருக்கிறது, அங்கே போகப் பணம் கட்டத் தேவையில்லை. தங்குவதற்குக் கல்குடா, வாழைச்சேனைப் பக்கம் சிறிய விடுதிகளைப் பாருங்கள். பக்கத்திலேயே உள்ள கல்குடாக் கரை வெறிச்சோடி அழகாக இருக்கும், ஆனால் அது திறந்த கடல். பார்க்கலாம், பிள்ளைகளை இறக்க வேண்டாம். காலை ஆறரை முதல் ஒன்பது வரை, பின்னேரம் நான்குக்குப் பிறகு குளியுங்கள். நடுப்பகல் வெயில் மலைநாட்டு உடம்புக்குத் தாங்காது. சொறிமீன் கரையில் கிடந்தால் செத்தது என்று கையால் தொடக்கூடாது, அப்போதும் சுணைக்கும்.

2004 டிசம்பர் 26இல் இதே கரையில் கடல் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. அதற்குப் பிறகும் நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். கடலை நேசிக்கிறவன் சொல்கிறேன், அதைக் கவனத்தோடு பாருங்கள்.

கொஸ்லந்தைக்காரன்:
எங்கள் ஏ4 வீதியையும் கணக்கில் எடுங்கள். பெரகலையிலிருந்து கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக இறங்கினால் பொத்துவில். அங்கிருந்து அறுகம்பை எட்டிப்பிடிக்கும் தூரம். ஒரே வீதியில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்: கலுபஹனையில் உள்ளே திரும்பினால் 263 மீற்றர் உயர பம்பரகந்த, நாட்டிலேயே உயரமானது. எங்கள் தியலும 220 மீற்றர். அதைப் பார்க்க நடக்கவே தேவையில்லை, வேனை ஓரத்தில் நிறுத்தி, அம்மா இருக்கையில் இருந்தபடியே அண்ணாந்து பார்க்கலாம். மேலே உள்ள குளங்களில் குளிக்க இளைஞர்கள் ஏறுகிறார்கள். பாறை வழுக்கும், எங்கோ மேலே மழை பெய்தால் தண்ணீர் திடீரென்று பெருகும். குடும்பத்தோடு வருகிறவர்கள் கீழேயே நில்லுங்கள்.

இன்னொன்று. இந்த வழியாக வருகிறவர்கள் மீரியபெத்தையைத் தெரிந்துகொண்டு வாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்களை மூடியது அங்கேதான். நீர்வீழ்ச்சியைப் படமெடுக்க ஆயிரம் பேர் நிற்கிறார்கள். அந்த மண்ணை நோக்கி ஒரு நிமிடம் தலைகுனிய ஒருவராவது நின்றால் எங்களுக்கு ஆறுதல்.

அட்டன் வேன்காரர்:
அறுகம்பைக்குப் பல தடவை ஆள் கூட்டிப் போயிருக்கிறேன். ஓகஸ்டில் அங்கே அலைச்சறுக்கு உச்சத்தில் இருக்கும். வாலிபர்களுக்கு நல்லது, இந்தக் குடும்பத்துக்குப் பாசிக்குடாதான். கதிர்காமம் போய் அப்படியே கிரிந்தைக் கடலைப் பார்க்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். கிரிந்தை பாறையும் அலையும் கண்கொள்ளாக் காட்சி. குளிக்கிற இடம் அல்ல.

அதிகாலை நான்கு மணிக்கே புறப்படுங்கள். வளைவு நிறைந்த மலைப்பாதையை, பிள்ளைகள் வெறும் வயிற்றோடு தூங்கும்போதே தாண்டிவிட வேண்டும். பசறைக்குப் பிறகு காலைச் சாப்பாடு. வாகனம் பேசும்போது கிலோமீற்றர் கணக்கா, நாள் கணக்கா, சாரதியின் சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பாதி வழியில் சண்டை வருவது இதில்தான்.

தலவாக்கலை மகள்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தெற்கை விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: திருகோணமலை எப்படி? என் எட்டு வயது மகன் நம் ஓயாவில் (ஆற்றில்) காகிதக் கப்பல் விட்டு, இது கடலுக்குப் போகுமா என்று கேட்கிறான். எந்தக் கடல் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பசறை வாத்தியார்:
மகன் கேட்டது அருமையான கேள்வி. உங்கள் கொத்மலை ஓயா மகாவலியில் சேருகிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதுதான் திருகோணமலைக் கடல். எங்கள் பதுளு ஓயாவும் அதே மகாவலிக்குத்தான் போகிறது. உங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடும் தண்ணீர் கோணேசர் கோயில் நிற்கும் கடலுக்குப் போகிறது என்று அவனிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

நிலாவெளியும் உப்புவெளியும் ஓகஸ்டில் மிக நல்லவை. ஆனால் பாசிக்குடாவைவிடச் சீக்கிரமாக ஆழம் கூடும். புறாத்தீவுக்குப் படகில் போய் முருகைக்கற்களைப் பார்ப்பது வாழ்நாள் அனுபவம். 2003 முதல் அது தேசியப் பூங்கா. நீந்தத் தெரியாதவர்கள் அங்கே போனால் முருகைக்கல்லின் மேல் கால் ஊன்றி நிற்பார்கள். அது உயிருள்ளது, மிதித்தால் சாகும். மகன் நீச்சல் பழகிய பிறகு அவனைக் கூட்டிப் போங்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் அப்போது பார்க்கலாம்.

மன்னார்க் காற்று:
எல்லோரும் கிழக்கைச் சொல்கிறீர்கள். நான் தலைமன்னாரில் இருக்கிறேன். எங்கள் கரை படத்தில் போடும் அழகு அல்ல. பனை, வெள்ளை மணல், ஓயாத காற்று, பழைய கலங்கரை விளக்கம், உடைந்து நிற்கும் இறங்குதுறை. ஆனால் மலையக மக்கள் ஒருமுறையாவது வந்து நிற்க வேண்டிய கரை இது என்று நினைக்கிறேன்.

உங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து தோணியில் வந்து இறங்கியது இந்த மன்னார்க் கரையோரம்தான். இங்கிருந்து காட்டுவழியாக மாத்தளைவரை நடந்தார்கள், நோயிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல், இருநூறு வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். தண்ணீர்ப் பந்தல் போட்டவர்களில் நானும் ஒருவன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கப்பலேறியதும் இந்த இறங்குதுறையில்தான். அவர்களை ஏற்றிய ரயில் வரும் நாளில் அழுகைச் சத்தம் கேட்கும் என்று என் தந்தை சொல்வார்.

ஓகஸ்டில் சோளகம் என்ற தென்மேல் காற்று பலமாக வீசும். தீவின் தென்கரை அலைமோதும், பாக்கு நீரிணைப் பக்கமான வடகரை அடங்கியிருக்கும். பெப்ரவரி முதல் ஏப்ரல்வரை வந்தால் இரண்டு பக்கமும் அமைதி.

தலவாக்கலை மகள்:
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னால் எதுவும் எழுத முடியவில்லை.

என் அம்மாவின் அக்கா 1976இல் அந்தக் கப்பலில் போனவர். அம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. தலவாக்கலை ரயில் நிலையம்வரைதான் வழியனுப்பப் போனாராம். தலைமன்னார்வரை போக டிக்கெட்டுக்குப் பணமில்லை. நான்கைந்து கடிதங்கள் வந்தன, பிறகு வரவில்லை. கடல் என்ற சொல்லை அம்மா எப்போது சொன்னாலும் அதற்குள் பெரியம்மா இருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நான் அலையையும் மணலையும் மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது குழம்பிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பாசிக்குடா. அம்மாவுக்குத் தலைமன்னாரா? இரண்டு இரவில் இரண்டும் முடியாது.

நோர்வூட் தாதி:
தங்கச்சி, நாங்கள் எல்லோரும் இவ்வளவு எழுதிவிட்டோம். அம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லையே. கேளுங்கள்.

மலைமுகடு:
நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் தங்கச்சி. மலையைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் அம்மாவின் முழங்காலை நினைக்கவில்லை. தாதி அக்கா சொல்வதே சரி.

தலவாக்கலை மகள்:
நேற்றிரவு கேட்டேன். அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். தலைமன்னார் என்றதும் கை நின்றது. பிறகு சொன்னார்: "அங்கே போனால் அழத்தான் வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் அழ முடியாது. இந்தத் தடவை அவர்கள் விளையாடுகிற கடலுக்குப் போவோம். அங்கே நீயும் நானும் பிறகு போகலாம்."

பாசிக்குடாதான். விடுதிக்கு முன்பணம் அனுப்பிவிட்டேன்.

(மூன்று வாரங்களுக்குப் பிறகு)

தலவாக்கலை மகள்:
போய் வந்துவிட்டோம். வேன்கார அண்ணா சொன்னபடி நான்கு மணிக்குப் புறப்பட்டோம். இரண்டு பிள்ளைகள் அப்படியும் வாந்தி எடுத்தார்கள். பசறையில் விடிந்தது. மஹா ஓயாவில் அம்மா வெந்நீரை வாளியில் எடுத்து முழங்காலில் ஊற்றிக்கொண்டே இருந்தார், அங்கிருந்து எழும்பவே மனமில்லை. செங்கலடியில் கச்சான் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டோம்.

முதல் நாள் பின்னேரம் கடலுக்குப் போனோம். கல்குடாத் தம்பி, நீங்கள் சொன்னது ஒரு சொல் பிசகவில்லை. பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்தார்கள், ஓட ஓட இடுப்பளவுதான். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நின்றார். அலை பாதத்துக்கு வந்ததும் ஓர் அடி பின்னால் போனார். அடுத்த அலைக்கு நகரவில்லை. ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு இவ்வளவு இருக்குமா!" என்றார். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகினார், கொழுந்து மலைக்குப் போகும்போது செருகுவதுபோலவே. அன்று இருட்டும்வரை அவரைக் கரைக்குக் கூட்டி வர முடியவில்லை.

"அக்கா போனது இந்தப் பக்கமா?" என்று கேட்டார். இல்லை அம்மா, அது மேற்கே, நமக்குப் பின்னால் இருக்கும் கடல் என்றேன். திரும்பிப் பார்த்தார். பின்னால் விடுதிகளும் தென்னைகளும்தான் தெரிந்தன. இரவு பத்து மணிக்கு என்னை எழுப்பி மறுபடியும் கரைக்குக் கூட்டிப் போனார். அலை இரவிலும் வருகிறதா என்று பார்க்க.

பதுளைப் பொண்ணு:
அக்கா, படிக்கும்போது கண் கலங்கியது. செப்டெம்பரில் நாங்களும் போகிறோம். பெண்களுக்கு உடை மாற்ற இடம் இருக்கிறதா? உப்புத் தண்ணீரைக் கழுவ நல்ல தண்ணீர் கிடைக்குமா?

தலவாக்கலை மகள்:
பொதுக்கரையில் கட்டணம் கொடுத்து உடை மாற்றவும் குளிக்கவும் இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரிசை நீளம், வார நாளில் போங்கள். சேலையோடு இறங்குகிறவர்கள் மாற்றுச் சேலை இரண்டு எடுங்கள், ஈரச் சேலையில் மணல் ஒட்டினால் நடக்க முடியாது. பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். என் மகனின் தோள் வெயிலில் உரிந்துவிட்டது.

மன்னார்க் காற்று அண்ணா, மார்ச் மாதம் நானும் அம்மாவும் மட்டும் வருகிறோம். ரயிலில்தான் வர வேண்டும் என்கிறார்.

மன்னார்க் காற்று:
தாராளமாக வாருங்கள் தங்கச்சி. தலவாக்கலையிலிருந்து பொல்கஹவலை, அங்கே மாறினால் தலைமன்னார் ரயில். போரால் 1990இல் நின்றுபோன ரயில் 2015இல் மீண்டும் இறங்குதுறைவரை வரத் தொடங்கியது. நேரம் அடிக்கடி மாறும், ஆகவே புறப்படுவதற்கு முந்தைய வாரம் இங்கே எழுதுங்கள், நிலையத்தில் விசாரித்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு நடக்கச் சிரமம் என்றால் ஓட்டோவோடு நிலையத்துக்கு வருவேன். என் மனைவி சமைப்பாள். அம்மா மீன் சாப்பிடுவாரா?